ஐயாவின் சவரக்கத்திக்கு எத்தனை கல் வேண்டும்?

கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாம் கட்டில், பழைய தகரப்பெட்டிக்குள் உங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், மடக்குச் சவரக்கத்தி கிடைத்திருக்கிறது. அலகின் அடியில் ‘ஸோலிங்கன், ஜெர்மனி’ என்று பொறித்திருக்கிறது. அதைத் தீட்டி நீங்களே முகச்சவரம் செய்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள். தெரிந்தவர் ஒருவர் ஆயிரம் நம்பரிலிருந்து பன்னிரண்டாயிரம் நம்பர் வரை ஆறு கல் வாங்கச் சொல்கிறார் (நம்பர் கூடக் கூடக் கல் நைசாகும்). உங்கள் அப்பாவான அப்பச்சியோ, ‘வீட்டுக்கு வந்த நாவிதர் ஒரே கல்லை வைத்துக்கொண்டு ஊருக்கே சவரம் செய்தார், உனக்கு ஆறு எதற்கு?’ என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தெரிந்தவர் சொல்வது செத்துப்போன கத்தியைப் பிழைக்க வைக்கிற வேலை, அப்பச்சி சொல்வது உயிரோடு இருக்கிற கத்தியைப் பார்த்துக்கொள்கிற வேலை. உங்கள் கத்திக்கு இதில் எந்த வேலை வேண்டும் என்பது தெரிந்தால் கல் எத்தனை என்பது தானாக வந்துவிடும்.

நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் எடைபோட என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா தேவகோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தவர். பதினான்கு வயதில் அவருடைய அடப்பத்தை, அதாவது கருவிப்பையை, தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பிறகு காரைக்குடியில் முப்பத்தைந்து வருஷம் சலூன் வைத்திருந்தேன். எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் பாதி பிளேடை மாட்டுகிற கத்திக்கு மாறினோம். அதோடு கடையில் தீட்டுகிற வேலை போய்விட்டது. கை மட்டும் மறக்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் ஜப்பான் கல் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார், அன்று முதல் பழைய கத்திகளைத் தீட்டிக் கொடுப்பதுதான் என் பொழுது. ஜப்பான் செயற்கைக் கல்லும் பெல்ஜியம் கல்லும் எனக்குப் பழக்கம். ஜப்பான் மலைக்கல்லை இரண்டு மூன்று முறை தொட்டதோடு சரி, அதைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

முதலில் அப்பச்சி சொன்ன ஒற்றைக்கல் கதை. அது உண்மை. அப்பாவின் அடப்பத்தில் இரண்டு கத்தி, கத்தரிக்கோல், நகம் வெட்டும் உளி, கிண்ணம், கைக்கண்ணாடி, ஒரு தோல்வார், கருப்பாக ஒரு சின்னக் கல், அவ்வளவுதான் இருந்தன. கல் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அதில் தண்ணீர் விட்டு நாலு இழுப்பு, தோலில் பத்து இழுப்பு, கடைசியாக உள்ளங்கையில் இரண்டு தடவல். பார்ப்பவர்களுக்கு மந்திரம் போலத் தெரியும். ரகசியம் என்னவென்றால் அவர் கத்தியை மழுங்கவே விடமாட்டார். இரண்டு முகம் முடிந்ததும் தோல், கொஞ்சம் இழுவை தெரிந்ததும் கல். கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, நல்ல நிலையிலிருந்து ஒரு நூல் இறங்குவதற்குள் அதைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிடுவார். இந்த வேலைக்கு நைசான ஒரு கல் போதும். கத்தியின் வாயில் பொக்கு (சின்ன உடைப்பு) விழுந்தால் அந்தக் கல்லோடு அவர் மல்லுக்கட்டியதில்லை, வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். உங்கள் கத்தி எழுபது எண்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்து நைசான கல்லில் தேய்த்தால் பளபளப்பு வரும், முடி வெட்டாது. நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிற இடம் இது.

அதனால் கல்லுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கத்தியைப் பாருங்கள். கத்தியை மேஜையில் பக்கவாட்டாக வைத்து வாயின் கோட்டைக் கவனியுங்கள். நேராகவோ, நடுவில் லேசாக வெளியே பருத்தோ இருந்தால் நல்லது. நடுவில் உள்வாங்கியிருந்தால் யாரோ பள்ளம் விழுந்த கல்லிலோ தப்பான கையாலோ தேய்த்திருக்கிறார்கள், அதை முதல் முயற்சியில் நீங்கள் சரிசெய்ய முடியாது. அடுத்தது துரு. அலகின் உடம்பில் இருக்கும் கறை அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். வாயிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் கருப்புக் குழி இருந்தால் கதை வேறு. தேய்க்கத் தேய்க்க அந்தக் குழி வாய்க்கு வந்து சேரும், வாய் பல்பல்லாக உதிரும். அப்புறம் விரிசல். கத்தியை விரல் நகத்தால் மெதுவாகச் சுண்டிக் காதில் வையுங்கள். நன்றாகக் குடைந்த ஜெர்மன் கத்தி ‘ணங்’ என்று மெல்லிய மணி போல ஒலிக்கும். செத்த ஓசை வந்தால் வெளிச்சத்தில் வைத்து விரிசல் தேடுங்கள். விரிசல் விட்ட கத்திக்கு எந்தக் கல்லும் வாங்காதீர்கள், முகத்தருகே கொண்டுபோகவும் வேண்டாம், கண்ணாடி அலமாரியில் வையுங்கள்.

பிடியையும் ஒரு பார்வை பாருங்கள். ஆமையோடு போலக் கோடு கோடாக, பாதி ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் செல்லுலாய்ட். பழைய செல்லுலாய்ட் சிதையும்போது கக்குகிற புகை அலகைத் துருப்பிடிக்க வைக்கும். பிடி மூடுகிற இடத்தில் மட்டும் அலகு அரித்திருந்தால் காரணம் இதுதான், பிடியை மாற்றியே ஆகவேண்டும். தந்தப்பிடியாக இருந்தால் கத்தியை விற்கும் எண்ணமே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி யானைத் தந்த வியாபாரத்துக்கு இங்கே தடை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் நல்ல விலை சொல்கிறார்களே என்று கொண்டுபோய் நிற்காதீர்கள்.

எவ்வளவு பழசு என்றும் கேட்டிருந்தீர்கள். கத்தியை வைத்து வருஷம் சொல்லமுடியாது. ஆனால் பிரிட்டன் 1887இல் போட்ட சட்டத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டுச் சாமான்களில் செய்த நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலானது. பர்மாவும் அப்போது அவர்கள் கையில். 1942இல் ஜப்பான் படை வந்ததும் நம்மூர் ஆட்கள் பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் திரும்பினார்கள். உங்கள் ஐயாவும் ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்தவர் என்கிறீர்கள். இந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவில் வாங்கிய கத்தி என்று நினைத்தால் பெரும்பாலும் தப்பாகாது. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள், ஐயா அதைப் பிற்பாடு சென்னையில் வாங்கியிருக்கவும் கூடும்.

இனி கல்லுக்கு வருகிறேன். சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது சாய்வைக் கையால் பிடிக்க வேண்டும். சவரக்கத்திக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படும்படி படுக்க வைத்தால் சாய்வு தானாக அமைந்துவிடும். முதுகு நாலரை மில்லிமீட்டர் கனம், முதுகிலிருந்து வாய் வரை பதினைந்தரை மில்லிமீட்டர் அகலம் என்றால் இரண்டு சரிவும் சேர்ந்து ஏறக்குறைய 17 பாகை வரும். சவரத்துக்கு அந்தக் கூர்மை சரியாக இருக்கும். செய்தவனே கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறான். முதுகைத் தூக்கினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும், ஆகவே எந்தக் கல்லிலும் எந்த இழுப்பிலும் முதுகு எழும்பக்கூடாது. முதுகில் பொன்முலாம் வேலைப்பாடு இருந்தால் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சாய்வு ஒரு பாகை அளவுக்குக் கூடும், பரவாயில்லை. டேப் ஒட்டுவது பாவம் என்று ஒரு கட்சியும் எப்போதும் ஒட்டவேண்டும் என்று ஒரு கட்சியும் உண்டு. வேலைப்பாடு இல்லாத கத்திக்கு நான் ஒட்டுவதில்லை.

இந்த முழு வேலையிலும் முக்கியமான கல் ஆயிரம் நம்பர் கல்தான். எல்லோரும் பன்னிரண்டாயிரத்தைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அது விளங்கியதே இல்லை. கத்தியின் வாய் என்பது இடது சரிவும் வலது சரிவும் போய்ச் சந்திக்கிற கோடு. மழுங்கின கத்தியில் அவை சந்திப்பதில்லை, நடுவில் கண்ணுக்குத் தெரியாத மொட்டைத் திண்ணை ஒன்று இருக்கிறது. அந்தத் திண்ணையைக் கரைத்து இரண்டு சரிவையும் அடியிலிருந்து நுனி வரை சந்திக்க வைப்பது ஆயிரத்தின் வேலை. அது முடியாமல் மேலே போனால் நாலாயிரம், எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் எல்லாம் அந்தத் திண்ணைக்குப் பாலிஷ் போடும், வாயைத் தொடாது. என்னிடம் ‘எல்லாக் கல்லிலும் போட்டுவிட்டேன், இன்னும் இழுக்கிறது’ என்று வருகிற பத்தில் எட்டுக் கத்திக்கு வைத்தியம் ஆயிரத்தில்தான் நடக்கிறது.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? சரிவு முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் மை தடவி நாலு இழுப்பு இழுங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. வாயை ஒட்டி மெல்லிய கோடாக மை நின்றால் திண்ணை இன்னும் இருக்கிறது. இன்னொரு சோதனை, விளக்குக்கு அடியில் வாயை மேலே பார்க்க வைத்து மெதுவாக அசைப்பது. கூரான வாயில் வெளிச்சம் நிற்காது, நீங்கள் பார்ப்பது வெறும் கருப்பு. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே வேலை பாக்கி. நகைப்பட்டறையில் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மூன்றாவது கல்லைவிட அது உபயோகம். ஆயிரத்தில் முடித்த கத்தி முன்கை முடியைச் சிரமமில்லாமல் மழிக்க வேண்டும். மழிக்காவிட்டால் அடுத்த கல்லைத் தொடாதீர்கள்.

நம்பர் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது, பணம் போகிற குழப்பம். ஜப்பான் கணக்கில் 1000 என்றால் கல்லில் இருக்கும் துகளின் சராசரி அளவு 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 4000 என்றால் 3 மைக்ரான், 8000 என்றால் 1.2 மைக்ரான். தலைமுடியின் கனம் ஐம்பது மைக்ரானுக்கு மேல் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பரின் நம்பர் வேறு கணக்கு. அதில் ‘பி’ போட்ட 1000 பதினெட்டு மைக்ரானுக்கு மேல் வரும். பேப்பரில் இரண்டாயிரம் வரை போய்விட்டேனே என்று நீங்கள் நினைக்கும்போது உண்மையில் ஜப்பான் ஆயிரத்தைத்தான் தாண்டியிருப்பீர்கள். இதில் தகராறு கிடையாது, தரநிர்ணய அட்டவணையில் இருக்கிற எண்கள். தகராறு எங்கே என்றால் பெயர் தெரியாத கம்பெனிக்காரர்கள் இணையத்தில் விற்கிற மலிவான ‘பத்தாயிரம் நம்பர்’ கற்களில். அப்படி நான் வாங்கிப் பார்த்த மூன்றில் ஒன்று கீறியது, ஒன்று வழுக்கியது, ஒன்று ஓரளவு வேலை செய்தது. அட்டையில் இருக்கிற நம்பரை நம்பி வாங்காதீர்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கருப்பு கார்போரண்டம் கல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கக் கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, இன்னொரு பக்கம் கொஞ்சம் நைஸ். ஆசாரிமாரின் உளிக்கும் அரிவாள்மனைக்கும் அருமையான சாமான். சவரக்கத்திக்கு அதன் நைஸ் பக்கம்கூட முரடு, வாயைக் கடித்துத் துப்பிவிடும். இந்தச் சாணைப்பொருள் சமாசாரத்தில் நம் பக்கத்துக்கு ஒரு பாத்தியதை உண்டு. 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தாருடையது. இங்கிலீஷில் ‘கொரண்டம்’ என்று சொல்லும் கனிமத்தின் பெயரே நம் ‘குருந்தம்’ தான். அந்தக் காலத்துச் சாணைச் சக்கரம் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் செய்ததுதான்.

சாணை என்றதும் ஒரு வருத்தம். உங்கள் தெருவுக்கு வருகிற சாணை பிடிப்பவர் செய்து தருகிறேன் என்றாராம். வேண்டாம். அவர் திறமையைக் குறை சொல்லவில்லை, தேங்காய் உடைக்கும் அரிவாளைக் கொடுங்கள், பிரமாதமாகச் செய்வார். சவரக்கத்தியின் வாய்ப்பக்கம் காகிதம் போல மெல்லியது. மோட்டார் சக்கரத்தில் வைத்த நொடியில் சூடேறும். எஃகு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸில் நீலம் பாயும், அதற்கு முன்னாலேயே பதம் இறங்கத் தொடங்கிவிடும். பதம் போன வாயைக் கல்லால் மீட்கமுடியாது. அப்பாவின் இரண்டு கத்தியில் ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது. அவர் காலமான வருஷம், அவசரத்தில் அதை ஒரு மோட்டார் சாணைக்காரரிடம் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். நுனியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு திட்டு. அன்றிலிருந்து அது ஒரு சவரம்கூடத் தாங்குவதில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆயிரத்துக்கு மேல் என்ன? ஆயிரம் விட்டுப்போன கீறல்களை மூவாயிரம் அல்லது நாலாயிரம் அழிக்கும், அது விட்டதை எட்டாயிரம் அழிக்கும். எட்டாயிரத்தில் நன்றாக முடித்துத் தோலில் இழுத்த கத்தி முகத்துக்குப் போதும், இதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். பன்னிரண்டாயிரம் சருமம் மென்மையான ஆட்களுக்கு ஒரு சுகம் தரும், அவசியமில்லை. அதற்கு மேலே இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகிறவர்களை நான் தடுப்பதில்லை. கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு கத்தியால் எனக்குச் சவரம் செய்தால் வித்தியாசம் சொல்வேன் என்று மட்டும் பந்தயம் கட்டமாட்டேன்.

மலைக்கல் வாங்கலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பக்கம் கிடைக்கும் மஞ்சள் கல்லுக்குக் கோட்டிக்யூல் என்று பெயர். அதில் கார்னெட் என்ற கனிமத்தின் நுண்மணிகள் நிறைந்திருக்கும். மணிகள் கூர்முனை இல்லாமல் உருண்டை வாட்டமாக இருப்பதால் ஆழமாகக் கீறாது. துண்டுக்கல்லால் தேய்த்துக் குழம்பு எழுப்பினால் வேகமாக வெட்டும், குழம்பைக் கழுவித் தண்ணீரில் இழுத்தால் நைசாக முடிக்கும். ஒரே கல்லில் இரண்டு வேலை. எனக்குப் பிடித்த கல். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பெல்ஜியம் கண்ணாடி கப்பல் கப்பலாக வந்ததே, கூடவே ஒரு மூட்டை கல்லும் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் முதல் கல்லாக அதைச் சொல்லமாட்டேன். மலைக்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதன் குணத்தைப் படிக்கவே சில மாதம் ஆகும். கத்தியும் புதிது, கையும் புதிது, கல்லும் புதிர் என்றால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மலைக்கல்லில் முடித்த வாய் முகத்துக்கு இதமாக இருக்கும் என்பதை நானும் உணர்ந்திருக்கிறேன். அது கல்லின் குணமா, விலை கொடுத்த மனசின் குணமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

செயற்கைக் கல்லில் ஜப்பானின் கிங், நனிவா, ஷாப்டன், அமெரிக்க நார்ட்டன் ஆகிய கம்பெனிகளின் கற்கள் எல்லாமே வேலைக்கு ஆகும். குணம்தான் வேறு. கிங் ஆயிரம் மென்மையான கல், பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவேண்டும், விலை குறைவு, சீக்கிரம் பள்ளம் விழும். ஷாப்டன் கெட்டி, தண்ணீர் தெளித்தால் போதும், பள்ளம் விழ நாளாகும். நனிவா சூப்பர் ஸ்டோன் கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். அதை வாளியில் ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள், காயும்போது வெடிப்பு விடலாம். வெயிலிலும் எந்தக் கல்லையும் காயவைக்க வேண்டாம், நம்மூர் சித்திரை வெயில் கல்லையும் சும்மா விடாது. அளவு எட்டு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம் இருக்கட்டும். கத்தியின் அலகும் மூன்று அங்குலம் பக்கம் வரும் என்பதால் வாய் முழுக்கச் சமமாகப் படும். போர்த்தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் குடிதண்ணீரைத் தெளியுங்கள். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் போகும்போது கத்தி, கை, மேஜை மூன்றையும் கழுவுங்கள். ஆயிரத்தின் ஒரு துகள் எட்டாயிரத்தில் ஒட்டிக்கொண்டால் அரைமணி நேர வேலை வீண்.

எந்தக் கல் என்பதைவிட அது சமதளமாக இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. புதுக்கல்கூட வரும்போது சமமாக இருக்காது. பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போட்டு, எட்டு மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டின்மேல் நானூறு நம்பர் வாட்டர் பேப்பரை ஈரத்தோடு விரித்து, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் அழிந்தால் சமம். நடுவில் கோடு நின்றால் அங்கே பள்ளம். கல்லின் விளிம்பு ஓரங்களையும் லேசாக உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வாயில் கோடு போடும். ஏன் கண்ணாடி என்கிறேன்? ஆத்தங்குடியில் பூக்கல் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடித் தட்டின்மேல்தான் கலவையை ஊற்றுகிறார்கள், அதனால்தான் கல்லின் முகம் அவ்வளவு மழமழப்பு. சாதாரண வீட்டில் கிடைக்கிற சமதளங்களில் கண்ணாடியை மிஞ்சியது குறைவு. அதற்காக வீட்டு ஆத்தங்குடித் தரையில் போட்டுத் தேய்க்காதீர்கள். நூறு வருஷம் நடந்து தேய்ந்த தரை சமமாக இருக்காது, ஆயாவிடம் (பாட்டியிடம்) வசவும் வாங்குவீர்கள்.

கல்லுக்குச் சில ஆயிரம் போட யோசனையாக இருந்தால் ஒரு மாற்றுவழி இருக்கிறது. லேப்பிங் ஃபிலிம் என்று மெல்லிய தாள் கிடைக்கும். இன்டர்நெட்டுக்கு வரும் கண்ணாடி இழையின் முனையை வழவழப்பாக்கப் பயன்படுத்துவது. 12, 9, 3, 1 என்று மைக்ரான் கணக்கில் வரும். ஈரக் கண்ணாடியில் ஒட்டவைத்து அதன்மேல் இழுத்தால் கல்லுக்குச் சமம், பள்ளம் விழுகிற பிரச்சினையே இல்லை. தாள் சீக்கிரம் தேய்ந்துபோகும், கை அழுத்தினால் கிழியும். நிறையக் கத்தி தீட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. உங்களுக்கு இருப்பது ஒரே கத்தி, ஆகவே யோசிக்கலாம்.

கை அழுத்தம் பற்றி ஒன்றே ஒன்று. ஆயிரத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தலாம், மேலே போகப்போகக் கத்தியின் சொந்த எடை போதும். வாய் முன்னே போகவேண்டும், திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்பவேண்டும். வாய்மேல் உருட்டினால் அத்தனையும் பாழ். தோலில் இதற்கு நேர்மாறு, முதுகு முன்னே, வாய் பின்னே. தோல்வார் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். ஆறு கல் பட்டியல் கொடுத்தவர் தோலைச் சொல்ல மறந்துவிட்டார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டரை மூன்று அங்குல அகலத்தில் நல்ல மாட்டுத்தோல், விறைப்பாக இழுத்துப்பிடித்து ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் ஐம்பது இழுப்பு. உள்ளங்கை வேலையை முயற்சிக்க வேண்டாம், அப்பாவின் உள்ளங்கையில் தழும்பு எத்தனை என்று நான் எண்ணியிருக்கிறேன்.

ஆக உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படி வாங்குவேன். கத்தி சோதனையில் தேறினால் ஒரு நல்ல ஆயிரம், நாலாயிரமும் எட்டாயிரமும் இரண்டு பக்கமாக ஒட்டிய ஒரு கல், கண்ணாடித் துண்டு, வாட்டர் பேப்பர், லென்ஸ், தோல்வார். பன்னிரண்டாயிரத்தை ஆறு மாதம் கழித்து, அப்போதும் ஆசை இருந்தால். இதைவிடச் சிக்கனம், முதல் தடவை மட்டும் கை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாயை அமைத்து வாங்கிக்கொள்வது. அதன்பிறகு ஒரு எட்டாயிரமும் தோலும் போதும், அப்பச்சி சொன்ன ஒற்றைக்கல் கணக்கு அப்போது அப்படியே பலிக்கும். ஐயாவின் கத்தியில் பழகுவதைவிடப் பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிற ஏதோ ஒரு கத்தியில் கை பழகுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வாய் கெட இருபது தப்பான இழுப்பு போதும்.

படம் அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். படத்தை வைத்து வாயின் வளைவையும் துருவையும் ஓரளவு சொல்வேன், விரிசலைச் சொல்லமுடியாது, அதற்குக் கத்தி கையில் இருக்கவேண்டும். அதுவரை அலகைத் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காக ஒட்டும். அந்தப் பெட்டியை இன்னொரு தடவை அடிவரை கிளறிப் பாருங்கள். கத்தி வாங்கியவர் பெரும்பாலும் கல்லும் வாங்கியிருப்பார். சீட்டுக்கட்டு அளவில் எண்ணெய் அழுக்கேறிய கருப்புத் துண்டு ஏதாவது கிடந்தால், கதவுக்கு முட்டுக்கொடுக்கிற கல் என்று நினைத்து வெளியே போட்டுவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஓரத்தில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.